இப்பதான் லீடர் ஆகிறன்

அன்பு மகன் பஹ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட காவல்ல உன்ட உடம்பும் மனசும் நல்லா இரிக்கட்டும். இஞ்ச நானும் வாப்பாவும் சுகம், என்ட வாய் இன்னும் கூடச் சுகம். முபாறக் மாமா கட்டாருக்குத் திரும்பி வாறார், அவர்ட கையில கருவாட்டுப் பொரியலோட இதயும் குடுத்து விடுறன். போன்ல சொன்னா நீ குறுக்க விழுந்து கத்துவாய், கடதாசியோட கத்த ஏலாதே.

போன கிழமை என்ன சொன்ன நீ? வீடு வீடாச் சாமான் வித்தது போதும் உம்மா, லீடர் எண்டு மேடையில ஏறினா கூட்டாளிமார் பகிடி பண்ணுவாங்க எண்டு. பண்ணட்டும்டா. பத்தாம் ஆண்டோட பள்ளிக்கூடத்த விட்டுட்டு, பதினெட்டு வயசில உன்னப் பெத்தவ நான். இன்னும் நாப்பது ஆகல்ல, ஒரு மூலையில குந்தி இரிக்க எனக்கு ஏலா. அதுக்காக நான் அவசரப்படவும் இல்ல. கம்பனியில எனக்கு மேல இரிக்கிற சுஜித்தா மிஸ் மட்டக்களப்பில இருந்து ரெண்டு தரம் கேட்டா, உங்களுக்குக் கீழ ஆறு புள்ளைகள் விக்காங்க, லீடர் ஆகுங்க பரீனா எண்டு. ரெண்டு தரமும் மாட்டன் எண்டுட்டன். பின் ரோட்டு நுஸ்ரத்த உனக்குத் தெரியும்தானே, மச்சிமார், சாச்சிட மக்கள் எல்லாரையும் சேர்த்து, அவங்கட தலையில சாமானக் கட்டி லீடர் ஆனா. விக்காத ஷாம்பு இப்ப அவங்கட கட்டிலுக்குக் கீழ கிடக்கு. போன மாசம் கலியாண வீட்டில அவ வந்து குந்தின சோத்துச் சஹனில ஒரு மச்சியும் கை வைக்கல்ல, எழும்பி அடுத்த சஹனுக்குப் போயிட்டாங்க. எனக்குக் கீழ விக்கிற புள்ளைகளும் நான் எத நீட்டினாலும் ஓம் லாத்தா, ஓம் லாத்தா எண்டு வாங்கிற ஆக்கள். அதுதான் எனக்குப் பயம். நான் பிழையா நீட்டினா ஆரு சொல்ற?

மறுகா வியாழக்கிழமை நடந்தத கேளு. மூஞ்சி வெளுக்கிற புதுக் கிறீம் பெட்டியொண்ட அந்த ஆறு பேரில ஒருத்தி சபூறாட கையில குடுத்தன், பாண்டிருப்புக்குக் கொண்டு போ எண்டு. அவள் திருப்பி என்ட மடியில வெச்சிட்டாள். இத எடுக்க மாட்டன் லாத்தா, அங்க கேதீஸ்வரி அக்காட மகளுக்கு இதப் பூசி மூஞ்சி எரிஞ்சி போச்சி, உங்களுக்கு வேணுமெண்டா நீங்களே போய் வில்லுங்க எண்டாள். எனக்கு வந்த கோவம்! கத்தினன். அவள் அசையல்ல, பாத்திரம் கழுவுற சவுக்காரத்த மட்டும் எடுத்துட்டு பஸ் ஏறிட்டாள். நான் பிழையா நீட்டினா சொல்றதுக்கு ஒருத்தி இரிக்காள் எண்டு அப்பதான் விளங்கிச்சி. பிறகு சுஜித்தா மிஸ்ஸுக்குப் போன் எடுத்து, இப்ப லீடர் ஆகிறன், ஆனா அந்தக் கிறீம எங்கட புள்ளைகள் விக்க மாட்டாங்க, ஏலாது எண்டா கதிரைய வேற ஆளுக்குக் குடுங்க எண்டன். சரி பரீனா எண்டா அவ.

வாற சனிக்கிழமை லீடர் ஆக்கிற மேடை. சபூறாவும் பக்கத்தில நிப்பாள். வெக்கமா இருந்தா போட்டோவப் பாக்காத. வாப்பாட்டச் சொல்லி நிப்பாட்டலாம் எண்டும் நினைக்காத, ஒலுவில் துறைமுகத்தில மீன்புடி போட்ட விட்டுட்டு வந்து மண்டபத்துக்கு வேன் பேசினதே அவர்தான்.

கருவாட்டுப் போத்தல அறைக்குள்ள திறக்காத, மத்தவங்க சண்டைக்கு வருவாங்க. தொழுகைய விடாத. நீ போற வழியெல்லாம் அல்லாஹ் லேசாக்கித் தரட்டும்.

வஸ்ஸலாம்,
உன்ட உம்மா பரீனா,
சாய்ந்தமருது.