சிக்னலில் ஆஃப் ஆகும் கார்

தம்பிக்கு,

கோப்பையோடு நீ நிற்கும் படம் வந்தது. சந்தோஷம்.

வீட்டுக் கார் என்ஜினில் இருந்த கேம்ஷாஃப்ட்டைக் கழற்றி, பந்தயக் காருக்கானதை மாட்டிவிட்டு, "இனிமே பறக்கும் பாருக்கா" என்றாயே, அது பொய்யில்லை. காலி ரோட்டில் பறந்தது. மெதுவாகப் போனால்தான் திணறியது. நின்றால் ஆஃப் ஆனது. அப்பாவுக்கு நெஞ்சு வலித்த அன்று ஆஸ்பத்திரி வரை வழியெல்லாம் சிக்னல்.

ஒவ்வொரு முறை ஆஃப் ஆனபோதும் பின்சீட்டிலிருந்து உனக்குத்தான் வக்காலத்து வாங்கினார். "அவனத் திட்டாதம்மா. வேகமாப் போனா நல்லாப் போகும்னு சொன்னான்ல." கடைசி சிக்னலில் நான் வாய்விட்டே திட்டினேன். பதில் வரவில்லை.

நீ பரணில் வீசிய பழைய கேம்ஷாஃப்ட்டையே மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டவைத்துவிட்டேன். இப்போது எந்தச் சிக்னலிலும் கார் ஆஃப் ஆவதில்லை. உனக்காகப் பேசத்தான் பின்சீட்டில் ஆளில்லை.

அக்கா