கயிற்றுக்குள் மிஞ்சிய புல்

13.11.2006, திங்கள்

ஆமத்தூர்ப் பக்கம் நான் பார்த்துக்கொள்ளும் இந்தப் பழைய கோல்ஃப் மைதானத்தில், ஆட வருகிறவர்கள் மிதித்து மிதித்துக் கடைசிக் குழிக்குப் போகும் வழியில் அங்கங்கே கொஞ்சம் புல்தான் மிச்சம், மற்றதெல்லாம் வழுக்கையாகிவிட்டது. புல் மறுபடி வளரட்டும் என்று அதைக் கயிறு கட்டி மறித்துவிட்டு, பக்கத்துப் பச்சைப் புல்லில் நடக்க வழி ஒதுக்கினேன். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி லீவில் இருந்த பேச்சியம்மாளிடம் அந்தப் புது வழியில் களையெடுக்கச் சொன்னேன்.

சாயங்காலம் போனால் வெறும் கரிசல் மண். கூட்டிப் பெருக்கியும் வைத்திருக்கிறாள்.

"புல்லையுமா செதுக்குனீக?"

"பட்டாசு செட்டைச் சுத்திப் புல்லு கெடந்தா தீப்பிடிக்கும்னு கம்பெனியில ஏசுவாகளே சார். கயித்துக்குள்ள மட்டும் கால் வைக்கல."

முகமெல்லாம் சந்தோஷம். "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

காலையில் வருகிறவர்களை எங்கே நடக்கச் சொல்வது? பேச்சியம்மாள் நாளைக்கும் வேறு வருகிறாள்.