நீ பதிந்த கடைசித் துளி

இன்று காலை உன் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உன் கணக்குக்கு வருவதையெல்லாம் எனக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், அதனால் நான்தான் திறந்தேன். எழுதியவர் ஏதோ ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர். நீ பெண் என்று தெரியாமல் மதிப்புக்குரிய ஐயா என்று விளித்திருந்தார். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்து, அதைத் துடைத்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். நம் தரவுத்தளத்தில் நீ கடைசியாக ஏற்றிய பதிவு தவறு என்று சந்தேகப்படுகிறாராம். மூலக் கட்டுரையைப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்ல வேண்டுமாம்.

அந்தப் பதிவின் அடியில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. பதிந்தவர் நீ, சரிபார்த்தவர் நான்.

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று உன் மாமியார் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நீ அவர் தட்டில் இருந்த ரசத்தைக் காட்டினாய். "இதுல எண்ண மெதக்குது பாருங்க அத்த, அந்த மாதிரி நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சில புரதம் துளித்துளியா சேரும். சுத்தி செவுரு கெடையாது, மூடி கெடையாது. வேல முடிஞ்சா கரைஞ்சிபூடும்."

அவர் ரசத்தையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இத்த எழுதி வெக்கவா படிச்ச பொம்பளைங்க ரெண்டு பேரு மாடி மேல குந்திக்கினு கீறீங்க?" என்றார்.

அதேதான். எந்தப் புரதம், எந்தச் செல்லில், எந்த நிலையில் துளியாகத் திரண்டது, அதைக் கண்டவர்கள் எந்தக் கட்டுரையில் எழுதினார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்து ஏற்றுவதுதான் நம் வேலை. நோய்க்கு மருந்து தேடுகிறவர்கள் நாம் எழுதியதை நம்பித்தான் தொடங்குவார்கள். நாம் ஒரு வரி பிசகினால் எங்கேயோ ஒருவருடைய உழைப்பு வீண். அதனால்தான் ஒரே கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும், படித்து முடிக்கும்வரை ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள்.

பேசாமல் இருப்பதா, நீயா? மூங்கில்துறைப்பட்டில் உன் வீட்டு மாடி அறையில் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவோம். கீழே ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த இரைச்சலிலும் உன் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும். கட்டுரை பிடித்தால் "ம்ம்" என்பாய், பிடிக்காவிட்டால் உச்சுக் கொட்டுவாய். நான் கட்டுரையைப் பாதியும் உன்னை மீதியுமாகப் படித்துக் குறிப்பு எழுதினேன். கொஞ்ச நாளில் நம் இருவர் குறிப்புகளும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாகவே வந்தன. மேலே இருந்தவர்கள் பாராட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. உனக்குப் பயம் வந்துவிட்டது. அதை நீ உடனே என்னிடம் சொல்லவில்லை.

சொன்னது கரியாலூர் போகிற பஸ்ஸில். அருவியில் குளிக்கலாம் வா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்பிக்கொண்டு போனாய். பஸ்ஸில் நிற்க இடமில்லை. மலையில் வளைவுக்கு வளைவு எனக்கு வயிற்றைப் புரட்ட, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணு சொல்லணும். கோச்சிக்காத," என்றாய்.

"இன்னாடி?"

"போன வாரம் ஒரு பதிவ வேணும்னே தப்பா ஏத்துனேன். நீ படிக்காமயே சரின்னு போட்டுட்ட."

எனக்கு வந்த கோபத்தில் குமட்டலே நின்றுவிட்டது. "இத்த வூட்ல சொல்றதுக்கு இன்னா?"

"வூட்ல சொன்னா செருப்ப மாட்டிக்கினு கெளம்பிடுவ. இங்க எங்க எறங்குவ?"

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நீ விடவில்லை. வேண்டுமென்றே செய்த அந்தத் தவறு என்னவென்று விளக்க ஆரம்பித்தாய். கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் ஒரு புரதத்தைச் செல்லுக்குள் அளவுக்கு மீறித் திணித்துவிடுவார்கள். அந்த நெரிசலில் அது துளியாகத் திரளும். அதை இயல்பாகத் திரண்டது என்று எழுதிவிடக்கூடாது, அதற்கென்று தனிப் பிரிவு உண்டு.

"இந்த பஸ்ஸயே பாரேன். எல்லாரும் ஒட்டிக்கினு நிக்கிறாங்க. சொந்தக்காரங்களா? எடம் இல்ல, அதான். பஸ்ஸு காலியா இருக்கும்போதும் தேடி வந்து பக்கத்துல குந்தினா அதுதான் சொந்தம்."

முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, "கரெக்டா சொன்னம்மா," என்றார். அவருக்கு என்ன புரிந்ததோ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் உனக்குக் காட்டவில்லை. அருவியில் நனைந்துகொண்டேதான் அந்தப் பதிவை முன்தினமே திருத்திவிட்டதாகச் சொன்னாய். "நம்ம ரெண்டு பேரும் சண்டையே போடலன்னா ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தி போதுமே."

அதற்குப் பிறகு நாம் போட்ட சண்டைகளுக்குக் குறைவே இல்லை. எதிரெதிர் வீடாக இருந்திருந்தால் தெருவே திரண்டிருக்கும். நீ மாடி அறையிலேயே படித்தாய், நான் கள்ளக்குறிச்சியில் என் வீட்டிலிருந்தே படித்தேன். மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டின் செல்லில் கண்ட ஒரு துளிக்காக இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாய். மூன்றாம் நாள் உன் வீட்டுக்காரர் ஒரு தூக்கு நிறையக் கருப்பஞ்சாறு கொண்டுவந்து கொடுத்தார். கூடவே உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: குடி. ஆனா நீ சொன்னது தப்புதான். சாற்றைக் குடித்துவிட்டு மறுப்பு எழுதி அதே தூக்கில் போட்டு அனுப்பினேன். கடைசியில் வழக்கு மேலே இருந்த மூன்றாவது ஆளிடம் போய், நம் இருவர் சொன்னதும் தப்பென்று தீர்ப்பானது.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. சேலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டிருந்தாய். நர்ஸ் பிடுங்கி வைத்தால் நான் எடுத்துக் கொடுப்பேன். அன்றைக்கு அந்தக் கடைசிப் பதிவை முடித்துவிட்டு, "பாத்துச் சொல்லு," என்றாய். உன் கை மெலிந்து வளையல் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் கட்டுரையைத் திறக்கவே இல்லை. போனை எடுத்துச் சரி என்று அழுத்தினேன்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"சண்ட ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்லடி. சரியா கீது."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். உன்னிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். உன்னைச் சந்தோஷப்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இன்றைக்கும் முதலில் அதையேதான் செய்யப் பார்த்தேன். பதிவு சரியே என்று பதில் எழுதிவிட்டேன், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. உன் கடைசிப் பதிவு தவறாக இருப்பதை என்னால் தாங்க முடியாது. அதுதான் உண்மை. ஆனால் அனுப்ப விரல் வரவில்லை. படிக்காமல் சரி போடும் பழக்கத்தை என்னிடமிருந்து பிடுங்கிப் போட்டவள் நீ. உன் இடத்துக்குப் போன மாதம்தான் வந்த சின்னசேலத்துப் பெண், நான் ஒவ்வொரு வரிக்கும் சண்டைக்கு வருவதைப் பார்த்து, "அக்கா, எம்மேல ஏதாவது கோவமா?" என்று முதல் வாரமே கேட்டாள். இன்னும் இரண்டு மாதத்தில் அவளும் பதிலுக்குக் கத்துவாள்.

பதிலை அழித்துவிட்டுக் கட்டுரையைத் திறந்தேன். படங்கள் அழகாக இருந்தன. இரண்டு துளிகள் நெருங்கி வந்து ஒன்றாவதைப் பார்த்தால் எனக்கே இயல்பு என்றுதான் எழுதத் தோன்றியது. "பாரேன், இன்னா அழகா சேருது," என்று நீ என்னோடு வாதாடுவது காதில் கேட்டது. இருடி, பின்னிணைப்பையும் பார்த்துவிடுகிறேன் என்றேன், வாய்விட்டேதான். அந்தப் பொடி எழுத்துகளில் இருந்தது. புரதத்தை அளவுக்கு மீறித் திணித்திருக்கிறார்கள். இயல்பான அளவில் துளி எதுவும் தென்படவில்லை என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பஸ்ஸில் நீ விளக்கிய அதே தவறு. மறுபடியும் என்னைச் சோதித்துப் பார்த்தாயோ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. இருக்காது, அன்றைக்கு உனக்கு அந்தத் தெம்பு இல்லை. ஆனாலும் உன்னை நம்ப முடியாது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் திருத்தி முடித்தேன். பதிவை நீக்கவில்லை, அதற்குரிய பிரிவுக்கு மாற்றினேன், அவ்வளவுதான். பதிந்தவர் என்ற இடத்தில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. அதன் கீழே என் பெயர் இருக்க இப்போதுதான் அதற்கு யோக்கியதை வந்திருக்கிறது.

பாத்துட்டேன்டி. தப்பு.