இந்த வீட்டில் வசிப்போர்

ஜனவரி 12
துருக்கிப் பையன் வந்து இறங்கிவிட்டான். பெயர் தோல்கா. எங்கள் ஊர் சலமான்காவில் ஆறு மாதம் படிக்கப் போகிறானாம். கோடையிலேயே இவனுக்கு எங்கள் வீட்டில் அறையைப் பேசி வைத்தது என் மனைவி நோயேமி. வராதே என்று ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. வாசலிலேயே, "அண்ணே, அக்கா எங்க?" என்றான். "சமோராவுல, அவங்க அம்மா வீட்ல."

இந்தக் கட்டடத்துக்காரர்களுக்கும் இதே பொய்தான். நவம்பரில் அந்த ஊர்ச் சாலையில் கார் கவிழ்ந்து செத்தாள். அங்கேயே புதைத்தோம். இங்கே யாருக்கும் தெரியாது.

ஜனவரி 13
பல்கலைக்கழகம் கொடுத்த ஆலோசனைக் கையேட்டை வேதம் மாதிரி வைத்திருக்கிறான். 'மதியம் ஊரே தூங்கும்.' நான் லிஃப்ட் மெக்கானிக். மதியம் மூன்று மணிக்கு லிஃப்ட் குழிக்குள் கிரீஸோடு நிற்கிறேன். எழுதின மேதாவி தூங்கியிருப்பான். 'உள்ளூர்க்காரர்களோடு பழகுங்கள்.' பழகி?

ஜனவரி 19
கறிக்கடையில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தான்.
"வரிசையே இல்லண்ணே. எல்லாரும் சும்மா நிக்கிறாங்க."
"உள்ள போனதும் 'யாரு கடைசி'ன்னு கேக்கணும்டா, மக்கு. கேக்காதவன் அங்க ஆளே இல்ல."
கையேட்டில் இது இல்லை. சாயங்காலம் ஆறரைக்கே போய் ராத்திரிச் சாப்பாடு கேட்டு, ஒன்பதுக்குத் திறக்கிற உணவகக் கதவைத் தட்டாதே, வீட்டுக்குள் வெறுங்காலோடு திரியாதே — ஒன்றும் இல்லை. பதினோரு பக்கம்!

ஜனவரி 24
நகராட்சியில் முகவரி பதிய வேண்டுமாம். அந்தக் காகிதம் இருந்தால்தான் குடியிருப்பு அட்டை. அதற்கு வந்த நாளிலிருந்து முப்பது நாள் கெடு. வீட்டுக்காரர் நேரில் வர வேண்டும். வசிப்போர் பட்டியலைத் திறப்பார்கள். அவள் பெயர் இருந்தாலும் தாங்காது, இல்லாவிட்டாலும் தாங்காது.
"அடுத்த வாரம் பாக்கலாம்."

பிப்ரவரி 1
அடுத்த வாரம் என்றேன்.

பிப்ரவரி 4
படிக்கட்டில் கீழ்வீட்டு அடேலாம்மா: "ஏம்ப்பா எலாய், இன்னுமா அம்மா வீடு? சண்டைன்னா நீதான் போய்க் கூட்டிட்டு வரணும். என்ன ஆம்பள நீ!"
திட்டட்டும். அந்த அம்மாள் திட்டுகிற வரைக்கும் நோயேமி சமோராவில் உயிரோடு இருக்கிறாள்.

பிப்ரவரி 8
தோல்கா சாப்பிடவில்லை. "இன்னும் மூணு நாள்தாண்ணே. அட்டை இல்லேன்னா ஊருக்குப் போகச் சொல்லிருவாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன்?"
கையேட்ல பாரு என்றேன். — என்ன மனுஷன்டா நான்?

பிப்ரவரி 9
நகராட்சிக்குப் போனோம். திரையைப் பார்த்தபடி கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்: "நோயேமி பர்ராதோ, இவங்களும் அங்கதான இருக்காங்க?"
"இல்ல. செத்துட்டா. நவம்பர் பதினாலு."
முதல் தடவையாக வாயால் சொன்னேன். தோல்கா என் பக்கம் திரும்பவில்லை. முத்திரை விழுந்தது. காகிதம் கிடைத்தது.

பிப்ரவரி 10
வேலை முடிந்து வந்தால் படிக்கட்டு வரைக்கும் வறுத்த ரவை வாசம்.
"எங்க ஊர்ல சாவு வீட்ல அல்வா கிண்டி எல்லா வீட்டுக்கும் குடுக்கணும்ணே. இங்க யாரும் செய்யலையேன்னு..."
ஆறு வீடு. எல்லாக் கதவையும் தட்டி, நோயேமி செத்ததைச் சொல்லியிருக்கிறான்.
"உன்னை எவன்டா கேட்டான்? நீ யாருடா எனக்கு—"

வாசல் மணி அடித்தது. அடேலாம்மா, கையில் தட்டு, கொடுத்த அல்வா தொடாமல் அப்படியே. "அன்னிக்கு நான் பேசினது..."
"உள்ள வாங்க."

மூன்று பேரும் சமையலறையில் நின்றபடியே தின்றோம். ரவையைக் கருக்கியிருந்தான். சர்க்கரை ஏகத்துக்கு. அளவு தெரியாத பயல். எனக்கு இன்னொரு கரண்டி வைத்தான். நான் தட்டை நகர்த்தவில்லை.