அப்பா ராக், சித்தப்பா பங்க்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், சித்தி நலம், உன் அப்பாவின் ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கிவிட்டது, அப்பாதான் யாருக்கும் அடங்கவில்லை. உன் நலத்தை நீயே எழுதினால்தான் உண்டு. போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரு வரியில் கதவைச் சாத்திவிடுகிறாய். இருமல் விட்டதா? எடிட்டிங் அறையில் ஏசிக்கு நேர் கீழே உட்காராதே என்று எத்தனை தடவை சொல்வது, நாற்காலியை ஒரு அடி நகர்த்தினால் குறைந்தா போய்விடுவாய்?

நீ அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். வெள்ளைக்காரர்களின் ராக், பங்க் என்கிற பாட்டு வகைகளில் வந்த பழைய ஆல்பங்கள் எப்படி உருவாயின என்ற ஆவணப்படங்களை வெட்டி ஒட்டித்தான் சம்பளம் வாங்குகிறாய் என்று தெரியும், அதில் என்ன இருக்கிறது என்று இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். பாட்டு எனக்குப் பிடிபடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். சண்டை நன்றாகப் பிடிபட்டது. நாலு பேர் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்கிறார்கள், அது ஓஹோ என்று ஓடுகிறது, உடனே அந்த மெட்டு யார் மூளையில் உதித்தது என்று முட்டிக்கொண்டு பிரிகிறார்கள், தலை நரைத்தபின் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து நான்தான் நான்தான் என்கிறார்கள். அதிலும் ராக்காரர்கள் ஒரு டிரம் சத்தம் சரியில்லையென்று மாதக்கணக்கில் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பங்க்காரர்கள் வாசிக்கவே தெரியாமல் வந்து, ஒரே மூச்சில் அடித்து நொறுக்கிவிட்டு, போதும் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தால், வேறெங்கே, நம் சோபாப் பட்டறைதான். உன் அப்பா ராக், ஒரு கைப்பிடியை வாரம் முழுக்கத் தேய்ப்பார். சித்தப்பா பங்க், வாயில் ஆணியை வைத்துக்கொண்டே பேசி, பேசிக்கொண்டே அடித்து முடித்துவிடுவார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உனக்குச் சொல்லாமல் மறைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் ஒரு நாற்காலியால் வந்தது. பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்கு நிமிர்ந்து உட்காரும் நாற்காலி கேட்டிருந்தார்கள், பின்கால்கள் குட்டையாகிச் சாய்ந்துபோனது. அன்றைக்கு அப்பா, அளந்தது அவன் என்றார், சித்தப்பா, அளந்தது அண்ணன் என்றார். பல்வலியோடு வந்தவர்கள் அதில் சாய்ந்து குறட்டைவிட ஆரம்பித்து, ஊரெல்லாம் அதே நாற்காலியைக் கேட்டதும், அளந்தது நான்தான் என்று இருவரும் மாற்றிப் பேசினார்கள். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆன கதை இது ஒன்றுதான். பட்டறைக்குப் புது போர்டு எழுத வந்தவர் சும்மா இருக்காமல், நாற்காலிப் படத்துக்குக் கீழே யார் பேரைப் போடுவது என்று கேட்டுவைத்தார். அதோடு போயிற்று. பக்கத்தில் நிற்கும் அண்ணனைப் பார்க்காமல் "அண்ணி, சுத்தியலக் குடுக்கச் சொல்லுங்க" என்பார் சித்தப்பா. கடைசியில் பட்டறையையே இரண்டாக்க முடிவு செய்து, நடுவில் தடுப்புப் போட நீளமான பலகையும் வாங்கிவிட்டார்கள். சித்தி என் மடியில் படுத்து அழுதாள்.

அப்போதுதான் உன் படம் கைகொடுத்தது. நீ வேலைக்காகக் கேட்டாய் என்று சொல்லி, இருவரையும் தனித்தனியே போனில் படம் பிடித்தோம். அப்பா மீசைக்கு மை தடவி, பின்னால் நுரைமெத்தைகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சித்தப்பா சமையலறைக்குள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார். நாற்காலி யாருடையது என்றதற்கு இருவரும் அளந்துவிட்ட அளப்பு இருக்கிறதே, கேட்கச் சகிக்காது. தனியாகப் போனால் எது குறையும் என்று கடைசியாகக் கேட்டேன். அப்பா பின்னாலிருந்த மெத்தையொன்றை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "ஆணிய வாயில வச்சுக்கிட்டு ஏதாவது உளறிக்கிட்டே இருப்பான். இப்ப பட்டறை அமைதியா இருக்கு, எனக்குக் கை ஓடல" என்றார். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் அவசரத்துல கோணலா அடிப்பேன் அண்ணி. அவர் ஒண்ணும் சொல்லாம பின்னாடியே வந்து சரிபண்ணுவார். இப்ப அடிச்சது அடிச்சபடியே கிடக்கு" என்றார்.

உன் படங்களில் அந்தக் கிழட்டு ஒலிப்பதிவாளர், டிரம்மை மட்டும் தனியாக, கிட்டாரை மட்டும் தனியாகக் கேட்கவிட்டு, பிறகு சேர்த்து ஏற்றுவாரே, அதுபோல நானும் சித்தியும் இரண்டு போனையும் சேர்த்து வைத்துக் கேட்டோம். அழுதோம், சிரித்தோம். அப்பா சொன்னதைச் சித்தப்பாவிடமும், சித்தப்பா சொன்னதை அப்பாவிடமும் போட்டுக் காட்டினோம். இருவரும் கண்ணில் தூசி என்றார்கள். மறுநாள் தடுப்புப் போட வேண்டும். அப்பா ஒரு முனை, சித்தப்பா மறுமுனை பிடித்தார்கள். மட்டம் சரியில்லை என்று அப்பா, இது போதும் என்று சித்தப்பா, நேருக்கு நேர் அப்படி ஒரு சண்டை. ஆள் வைத்துப் பேசாமல் அவர்களே திட்டிக்கொண்டதைக் கேட்க எனக்குத் தேனாக இருந்தது. திட்டி முடித்தபோது பலகையைத் தரையில் போட்டு இருவரும் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு நல்ல பலகையைச் சுவராக்குவானேன் என்று சித்தப்பா ஆரம்பித்தார். இப்போது அது ஒரு நீள சோபாவாகிவிட்டது, குடும்பமே உட்காரலாம். போர்டில் நாற்காலிக்குக் கீழே இன்னும் வெற்றிடம்தான், இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதில் மாட்டும் அதை எந்நேரமும் மாட்டிக்கொண்டிருக்காதே. படம் பிடிக்கச் சொன்னது நீதானா என்று அப்பா கேட்டால் ஆமாம் என்று சொல், என் மானம் உன் கையில். விடுமுறைக்கு வந்து நீதான் முதலில் அந்த சோபாவில் உட்கார வேண்டுமாம், அதுவரை யாரையும் அண்ட விடுவதில்லை. அவர்கள் டீ குடிக்கப் போனபோது நான் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டேன். இடது பக்கம் சரிகிறது. கேட்டால், அளந்தது அவன் என்கிறார் அப்பா, அளந்தது அண்ணன் என்கிறார் சித்தப்பா. நான் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து வெகுகாலம் ஆயிற்று, கண்ணா.

நீ நீண்ட ஆயுளோடும் இருமல் இல்லாமலும் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அம்மா