உன் கைக்குச் செதுக்கிய பிடி

இன்று ஆயுத பூஜை. பல் மருத்துவமனையின் பின்னறையில் இருக்கும் என் பட்டறையில், பல் ராவும் மோட்டாருக்கும் மெழுகு உருக்கும் அடுப்புக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கை எழவில்லை. அந்தப் புகை மூக்கில் ஏறியதுமே, நீ மொட்டைமாடியில் குந்தியபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிஸ்டலின் குறிமுனையைக் கற்பூரப் புகையில் காட்டிக் கரி படியவைத்தது கண்முன் வந்துவிட்டது. வெயிலில் முனை மினுங்கினால் குறி தப்பும் என்பாய். பூஜை டப்பாவில் கற்பூரம் குறைவதைப் பார்த்து உன் அம்மா சத்தம் போடுவார்கள். "சாமிக்கு ஒரு வில்ல, எனக்கு ஒரு வில்ல. சாமியே ஒண்ணும் சொல்லல, நீ ஏம்மா கத்துற?" என்பாய்.

நீ என் வீட்டுக்காரரின் தங்கை. என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். ஆனாலும் முறை தப்பாமல் "அண்ணி" என்றுதான் கூப்பிட்டாய். கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளைகளை ஓடவிட்டு, விசில் ஊதி, சாயங்காலம் தொண்டை கட்டிப்போய்த் திரும்புவாய். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது சுட்டது உன் மனத்தை விட்டுப் போகவே இல்லை. முப்பத்து நான்கு வயதில், கல்யாணப் பேச்சு எடுத்தவர்களையெல்லாம் ஓயவைத்த பிறகு, ஒரு நாள் காற்றுத் துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். போட்டிக்காரர்கள் வைத்திருக்கும் வெளிநாட்டுப் பிஸ்டல் இல்லை. உள்ளூரில் செய்தது, பழகுகிறவர்களுக்கான சாதாரண ரகம்.

"துப்பாக்கி எதுக்குடி? யாரச் சுடப்போற?" என்று உன் அண்ணன் கேட்டார்.

"மொதல்ல அட்டையச் சுடறேன். மத்தவங்கள அப்புறமா பாத்துக்கலாம்."

மொட்டைமாடியில் பத்து மீட்டர் அளந்து கோடு போட்டாய். சுவரோரம் பழைய துணி அடைத்த மரப்பெட்டி, அதன்மேல் கறுப்பு வட்டம் அச்சிட்ட அட்டை. பக்கத்து மாடிகளில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் சுடுவாய். பத்து நாளிலேயே முகம் தொங்கிவிட்டது.

"கைப்பிடி எவனோ ஒருத்தன் கைக்குச் செஞ்சது அண்ணி. பெரிய கை. எனக்கு உள்ளயே ஆடுது. நல்ல பிஸ்டல் வாங்கணும்னா நான் இன்னொரு ஜென்மம் எடுக்கணும்."

நான் பொய்ப்பல் செய்கிறவள். ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வோர் அச்சு எடுத்து, அந்த ஈறுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி செய்வதுதான் என் தொழில். "வாயிக்குச் செய்யறவ கைக்குச் செய்ய மாட்டேனா? கையக் குடு" என்றேன். அப்படித்தான் அது தொடங்கியது.

உன் வலது கையைப் பிஸ்டல் பிடிப்பதுபோல் வைக்கச் சொல்லிப் பிளாஸ்டரில் அச்சு வார்த்தேன். அண்ணாகிராமத்துக்குப் பக்கத்தில் என் பிறந்த வீட்டில் புயலில் சாய்ந்த பலாமரத்தின் கட்டை கிடந்தது. அதில் ஒரு துண்டை ஆசாரி ஏறக்குறைய வடிவம் பிடித்துக் கொடுத்தார். மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். பொய்ப்பல் எங்கே இடிக்கிறது என்று பார்க்க நீலத்தாளைக் கடிக்கச் சொல்வோம் அல்லவா, அதே வேலைதான். உன் உள்ளங்கையில் என் உதட்டுச்சாயத்தைப் பூசிப் பிடிக்கச் சொல்வேன். மரத்தில் சிவப்பு ஒட்டிய இடத்தை அரத்தால் ராவுவேன். மறுபடி பூசுவேன். மறுபடி ராவுவேன்.

"உதட்டுக்குப் போடறத உள்ளங்கைக்குப் போடுறோம். அண்ணன் பாத்தா என்னா நெனைப்பாரு?"

"அவருக்கு வாங்கிக் குடுத்ததே ஞாபகம் இருக்காது. நீ ஆடாம புடி."

மூன்று வாரம் ஆனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிடியைக் கையில் வாங்கியவள் அப்படியே கண்ணை மூடினாய். கையை உயர்த்தினாய். கண்ணைத் திறந்தபோது முனை, குறி வைக்க வேண்டிய இடமான வட்டத்தின் அடியில் நேராக நின்றது. என் கையைப் பிடித்து உன் கன்னத்தில் வைத்துக்கொண்டாய்.

அதன் பிறகு நமக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்ல வேண்டும். குழலின் முன்பக்கம் கனம் போதவில்லை என்றாய். துறைமுகத்தில் வலை கட்டுகிற ஒருவரிடம் ஈயத்துண்டுகள் கேட்டு வாங்கி வந்து பொருத்தினோம். குறி பார்க்கும் பின்தகட்டின் இடைவெளி அகலம் என்றாய். பவுடர் டப்பாத் தகட்டை வெட்டிச் சிறிதாக்கினோம். போட்டியில் விசை ஐந்நூறு கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. அதற்கு நம்மிடம் இருந்த கருவி, கயிறு கட்டிய அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். விசையில் மாட்டித் தூக்கிப் பார்ப்போம். தாங்கும். இன்னும் ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றினால் விட்டுவிடும். இதைவிடச் சரியாக யாரும் வைக்க முடியாது என்று இருவரும் சிரித்துக்கொள்வோம்.

அந்தத் துப்பாக்கியோடு நீ மாநிலப் போட்டிக்குத் தேர்வானாய். பளபளப்பான வெளிநாட்டுப் பிஸ்டல்களுக்கு நடுவே பலாமரத்தின் மஞ்சளோடு உன்னுடையது மட்டும் தனியாகத் தெரிந்தது.

போட்டிக்கு ஏழு மாதம் இருந்தபோது, பிடி தளர்ந்துவிட்டது என்றாய். மரம் காய்ந்து சுருங்கியிருக்கும் என்று நினைத்து மரப்புட்டி வைத்து மேடாக்கினேன். மூன்று வாரத்தில் மறுபடி தளர்ந்தது. மறுபடி புட்டி. பிறகு ஒரு நாள், "டிரிக்கர் ஜாஸ்தி இறுகிடுச்சி அண்ணி, இழுக்கவே முடியல" என்றாய்.

நீ பள்ளிக்கூடம் போன பிறகு நான் பாட்டிலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். தாங்கியது. ஒரு மடக்கு ஊற்றினேன். விட்டுவிட்டது. விசை அப்படியேதான் இருந்தது.

அலமாரியிலிருந்து உன் கையின் பிளாஸ்டர் அச்சை எடுத்து மேசையில் வைத்தேன். அன்று சாயங்காலம் நீ காபி குடித்துக்கொண்டிருந்தபோது உன் கையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தேன். அச்சில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை திரண்டிருந்தது. உன் கையில் அந்த இடம் பள்ளமாகிவிட்டிருந்தது.

"பாத்தீங்களா அண்ணி? டிரிக்கர் என்னாச்சி?"

"ஸ்பிரிங்குதான் இறுகியிருக்குது. எண்ணெய் விட்டிருக்கேன். சரியாயிடும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? போட்டி முடியட்டும் என்று நினைத்தேன். சத்துக் குறைவாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையில், அந்தப் பள்ளத்துக்குப் பெயர் வைக்கிற ஆள் நானாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். ஐந்து மாதம் உன்னை எந்த மருத்துவரிடமும் அழைத்துப் போகாமல், முட்டை அவித்துக் கொடுத்துக்கொண்டும் புட்டி பூசிக்கொண்டும் இருந்தேன்.

மாநிலப் போட்டியில் உன் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அறுபது குண்டில் நாற்பதுவரை நன்றாகத்தான் போனது. அடுத்ததற்குக் கையை உயர்த்தினாய், இறக்கினாய். உயர்த்தினாய், இறக்கினாய். பிறகு பிஸ்டலை மெதுவாக மேசையில் வைத்துவிட்டாய். நடுவர் வந்து, "என்னம்மா ஆச்சி?" என்று கேட்டார்.

"பிஸ்டல் சரியில்ல சார்" என்றாய்.

புதுச்சேரியில் மருத்துவர் உன் கையையும் நாக்கையும் நெடுநேரம் பார்த்தார். ஊசி குத்திப் பார்த்தார்கள். தசைக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும் நோய் என்றார். நீ வெளியே போனதும், "அஞ்சு மாசம் முன்னாடியே கூட்டி வந்திருந்தா?" என்று கேட்டேன். "பெருசா ஒண்ணும் மாறியிருக்காதும்மா" என்றார். அந்தப் பதிலை நான் இன்னும் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம். முதலில் விசில் ஊத முடியவில்லை என்று வேலையை விட்டாய். பிறகு சீப்பு, பிறகு கரண்டி. உன் தலையை நான் பின்னிவிட்டேன். கஞ்சியை நான் ஊட்டினேன். பேச்சும் குழறத் தொடங்கிய ஒரு பிற்பகல், உனக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். தாங்க முடியாமல், "அந்த ஸ்பிரிங்கு விஷயம்…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாய். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "பாட்டில நானும் தொங்கவிட்டுப் பாத்தேன். நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே."

நகவெட்டியைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் ஏன் என்னைக் கேட்ட?"

"நீங்க என்னா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஸ்பிரிங்குன்னு சொன்னீங்க. நல்லா இருந்துச்சி அண்ணி. அஞ்சு மாசம் பிஸ்டலுக்குத்தான் சீக்கு. எனக்கு இல்ல."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாய். ஒரு பக்க உதடு மட்டும் எழுந்தது. அந்த வருடம் மார்கழி பிறப்பதற்குள் நீ போய்விட்டாய்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் புவனகிரியிலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். நான் செய்து கொடுத்த பல் செட்டைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தார்கள். "செட்டு பெருசாயிடுச்சிம்மா, பேசறப்ப கழண்டு வுழுது. கொஞ்சம் இறுக்கிக் குடு" என்றார்கள். செட்டைப் பழைய அச்சில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தோளெலும்பு ரவிக்கைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது.

இறுக்கிக் கொடுத்து அனுப்புவது எனக்கு அரைமணி நேர வேலை. வாயில் வார்த்தை வரக்கூட வந்துவிட்டது.

"செட்டு அப்பிடியேதாம்மா இருக்குது" என்றேன். "நீங்கதான் ரொம்ப எளைச்சிட்டீங்க. எத்தினி நாளா இப்பிடி? கூட யாரு வந்திருக்காங்க?"

அந்த அம்மாவின் முகம் மாறியது. கண் கலங்கியது. "பொண்ணு வெளிய நிக்குது" என்றார்கள். எழுந்து போய் அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டேன்.

இப்போது அவர்கள் பெரிய மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கிறார்கள். நேரத்தோடு வந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார் என்று அந்தப் பெண் ஃபோனில் சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஃபோனை வைத்துவிட்டு நெடுநேரம் அழுதேன்.

நல்லா இருந்துச்சி என்று நீ சொன்னது நிஜமா, அல்லது நான் தாங்கமாட்டேன் என்று என் கைக்கு ஏற்ற மாதிரி ராவிக் கொடுத்தாயா? கேட்டிருந்தாலும் நீ சொல்லியிருக்க மாட்டாய். எது உண்மையென்று தெரியாமலேயே நீ சொன்ன அந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களுக்கு உண்மையைச் சொல்லும்போது மட்டும் இப்போது நான் தள்ளி நின்று சொல்வதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்.