இடம் போட்ட துண்டு

இன்று காலை என் வீட்டுக்காரி உம்முடைய துண்டைக் கரித்துணி என்று நினைத்து, அதைப் பிடித்துச் சோற்றுப் பானையை இறக்கிவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். ஒரு நைந்த துண்டுக்கா இத்தனை கூப்பாடு என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். துண்டைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். சிவப்புக் கரை பாதி வெளுத்துவிட்டது. நனைத்ததும் கரிப்புகை வாடை எழும்பியது. இவள் அடுப்புக் கரியா, நம்முடைய பழைய பஸ்ஸின் கரியா என்று தெரியவில்லை. அப்படியே துவைகல் மேல் உட்கார்ந்துவிட்டேன், வே.

யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு எங்கே போவது? ஆய்க்குடியிலிருந்து தென்காசிக்கு நம் வேலை நேரத்துக்கு ஒரே ஒரு கரி பஸ்தான். பின்பக்கம் கரி எரிக்கிற ஓர் உலை. கண்டக்டர் அதற்குக் காற்றடிக்கும் சக்கரத்தைச் சுற்று சுற்றென்று சுற்றி, வேர்த்து விறுவிறுத்த பிறகுதான் அது இருமிக்கொண்டு கிளம்பும். ஒரு தடவை நின்றால் மறுபடி கிளம்ப அடம் பிடிக்கும். அதனால் இடம் நிறைந்துவிட்டால் டிரைவர் வழியில் யார் கை காட்டினாலும் நிறுத்தமாட்டார். நான் ஆய்க்குடியில் ஏறுகிறவன், தென்காசி ஸ்டேஷன் பக்கத்து மரக்கடையில் குமாஸ்தா. நீர் இரண்டு மைல் தள்ளி, உம் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் ஏறுகிறவர், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவர். காலையில் நான் உமக்கு இடம் போடுவேன். சாயங்காலம் நீர் எனக்குப் போடுவீர். அதற்கென்றே உம் கடையிலிருந்து இந்தத் துண்டைக் கொண்டுவந்தீர். காலையில் என் தோள், சாயங்காலம் உம் தோள் என்று நம் இரண்டு பேருக்கும் பொதுவாக அலைந்த துண்டு இது. இடத்தின் மேல் அது கிடந்தால் எப்பேர்ப்பட்டவனும் உட்காரமாட்டான். ஆள் வருகிறது என்று அர்த்தம்.

அந்த ஆனி மாதச் சாயங்காலம் பஸ்ஸில் ஒரு கார்டை என் கையில் கொடுத்தீர். கடையத்திலிருந்து வந்தது. உம் அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, உம்மையே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தது. அன்றைய ரயில் போய்விட்டிருந்தது. மறுநாள் காலை ரயிலுக்குப் போகவேண்டும். சாரல் விழ ஆரம்பித்துவிட்டதால் பஸ் முழுக்கக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டம். அதனால் கோழி கூப்பிட எழுந்து தென்காசிக்கு நடந்துவிடலாம் என்று பார்க்கிறேன் என்றீர்.

உம்மைத் தடுத்தவன் நான்.

"எதுக்கு வே நடக்கேரு? நான் துண்டு போடுதேன். பேசாம விலக்குல வந்து நில்லும்."

"உம்ம நம்பித்தான் நிப்பேன், பாத்துக்கிடும்" என்று சொல்லி இறங்கிப்போனீர்.

மறுநாள் முதல் ஆளாக ஏறித் துண்டைப் போட்டேன். அதில் குறை இல்லை. பஸ் கிளம்புகிற நேரத்தில் எங்கள் மரக்கடை மானேஜர் வந்து ஏறினார். முந்தின நாள் ஆய்க்குடி முருகனைக் கும்பிட வந்து, உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தாராம். தலை நிறைய நல்லெண்ணெய். ஐந்தருவியில் குளிக்கப் போகிறார். என் பக்கத்தில் வந்து நின்று, "இது யாருக்குப் போட்ட துண்டு?" என்று கேட்டார். சும்மாதான் கேட்டார், வே. ஆள் வருகிறது சார் என்று சொல்லியிருந்தால் வேறு யாரையாவது எழுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார். எனக்குத்தான் நாக்கு முந்திக்கொண்டது.

"யாருக்கும் இல்ல, சார். உங்களுக்குத்தான்."

சொன்னதோடு விட்டேனா? உம்முடைய துண்டாலேயே அந்தப் பலகையைத் துடைத்தும் கொடுத்தேன்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். மானேஜர் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார் என்று ஊர்க்காரர்கள் பார்க்கவேண்டும் என்று இருந்தது. அந்த அற்பப் பெருமைதான், வேறொன்றும் இல்லை.

விலக்கில் நீர் நின்றுகொண்டிருந்தீர். கையில் மஞ்சள் பை. பஸ்ஸைக் கண்டதும் இரண்டு எட்டு முன்னால் வந்தீர். நிற்காமல் போய்விடுமோ என்ற சந்தேகமே உம் முகத்தில் இல்லை. டிரைவர் வேகத்தைக் குறைத்துவிட்டார். கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க ஆளு நிக்காரு, நிறுத்தவா?" என்று கேட்டார். மானேஜர் அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று பேசிக்கொண்டிருந்தார். நான் கரிப்புகைக்கு மூடுவதுபோலத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, இடமில்லை, போகட்டும் என்று கை காட்டினேன். வண்டி வேகம் எடுத்தது. புகைக்குள் கொஞ்ச தூரம் ஓடிவந்தீர். அப்புறம் நான் பார்க்கவில்லை.

நீர் தென்காசிக்கு நடந்துபோய்ச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் கடையம் போனபோது வாசலில் கூட்டம். உம் அப்பா உச்சிவேளை வரைக்கும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தாராம். ஒரே மகன் நீர் இருக்க, உம் சித்தப்பா மகன் வாயில் பால் ஊற்றியிருக்கிறான்.

பதினாறு கழித்து மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தீர். உம் முகத்தில் எப்படி விழிப்பது என்று பதினாறு நாளும் நான் யோசித்து வைத்திருந்தது ஒரு பொய்தான். சாயங்காலம் பஸ்ஸுக்கு வந்தால், எனக்கு இடம் போட்டிருக்கிறது! பழைய துண்டு என்னிடம் தங்கிவிட்டதல்லவா, அதனால் அப்பா காரியத்தில் உமக்குத் தலையில் கட்டிய புது உருமாலை எடுத்து எனக்கு இடம் போட்டு வைத்திருந்தீர். பிடரியில் அறைந்தது மாதிரி இருந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், நான் பஸ்ஸுக்கே வரவில்லை என்றேன்.

"இப்ப உடம்பு பரவால்லயா?" என்று கேட்டீர். பரவாயில்லை என்றேன். அப்பாவின் சாம்பலைக் குற்றாலத்தில் கரைத்ததைச் சொல்லிக்கொண்டு வந்தீர்.

அதற்குப் பிறகும் எத்தனை வருஷம் சேர்ந்து போய் வந்தோம்! யுத்தம் முடிந்தது, பெட்ரோல் பஸ் வந்தது, நீர் இடம் போடுவது மட்டும் நிற்கவில்லை. வெயில் அடிக்கிற பக்கத்தில் இடம் போட்டுவிட்டீர் என்று ஒரு நாள் உம்மிடம் கோபித்துக்கொண்டேன். நாளைக்கு நிழல் பக்கம் போடுகிறேன் வே என்று சிரித்தீர். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

போன மாதம் உம் பதினாறுக்கு வந்திருந்தேன். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு உம் வீட்டம்மா என்னை நிறுத்தினார்.

"அன்னைக்கு நீங்க பஸ்ல இருந்தத அவுக பாத்தாக, அண்ணே. துண்டால மூஞ்சிய மூடுனதையும் பாத்தாக. அவருகிட்ட ஒண்ணும் கேட்டுராத, மனுசன் கூசிப் போவாருன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. இப்ப அவுக இல்ல. அதான் சொல்லுதேன்."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இலை எடுக்கப் போய்விட்டார்.

ஆக, காய்ச்சல் என்று நான் சொன்னபோதே அது பொய் என்று உமக்குத் தெரியும். தெரிந்துதான் உடம்பு பரவாயில்லையா என்று கேட்டீர். நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே, வே! சட்டையைப் பிடித்திருக்கலாமே! நான் கூசிப்போவேன் என்று நீர் பொத்திவைத்தீர். உம் அப்பாவின் கடைசி முகத்தைப் பறித்தவன் பக்கத்தில் தினமும் காலையும் மாலையும் உட்கார்ந்து, வெற்றிலை மடித்துக் கொடுத்தீர். அந்த மானேஜருக்கு அன்றைக்குக் குளித்து முடித்ததுமே நான் இடம் கொடுத்ததே மறந்திருக்கும்.

துண்டு இப்போது கொடியில் காய்கிறது. நானே துவைத்தேன். கரி முழுக்கப் போகவில்லை. இவளிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை, இன்று ராத்திரி சொல்லத்தான் போகிறேன். நாளைக் காலையில் இதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். யாருக்கும் இடம் போடமாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. உம் விலக்கு வரும்போது துண்டை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு, நீர் நின்ற பக்கம் திரும்பி உட்காருவேன். இனி அந்த இடத்தில் ஒரு நாளும் முகத்தை மூடமாட்டேன்.